விசில் அடிக்காத குக்கர்: பாலக்கோட்டு மார்கழிக் குறிப்புகள்

2 ஜனவரி 2025, வியாழன்

வீட்டுக்காரி மகளோட பிரசவத்துக்காக ஓசூர் போய் நாலு நாள் ஆச்சு. வீட்டில் நானும் அம்மாவும்தான். அடுப்பில் வைத்துவிட்டு நான் மறந்துவிடுவேன் என்று பயந்து, மகள் ஒரு கரண்ட் குக்கர் வாங்கி அனுப்பியிருக்கிறாள். ஆறு லிட்டர், ஆயிரம் வாட்.

அம்மா பக்கத்திலேயே முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"எத்தனை விசில்டா வைக்கணும்?"

"இது விசில் அடிக்காதும்மா."

"அப்புறம் வெந்துடுச்சுன்னு யாரு சொல்லுவா?"

பதில் இல்லை. புழுங்கல் பொன்னி ஒரு டம்ளருக்கு, அடுப்புக் குக்கருக்கு ஊற்றுகிற மாதிரியே மூணு டம்ளர் தண்ணீர் ஊற்றினேன். திறந்தால் கஞ்சி. ஊறுகாயோடு குடித்துப் படுத்தோம்.

3 ஜனவரி, வெள்ளி

நேற்றைய கஞ்சிக்குக் காரணம் புரிந்தது. அடுப்புக் குக்கர் ஒவ்வொரு விசிலுக்கும் ஆவியை வெளியே தள்ளும், ஊற்றின தண்ணியில் கொஞ்சம் அப்படியே போய்விடும். இதில் மூடி இறுகினபிறகு அனேகமாக எதுவும் வெளியே போகாது. இன்றைக்கு ஒன்றுக்கு இரண்டு, 12 நிமிடம். முடிந்ததும் வால்வைத் திருப்பாமல் பத்து நிமிடம் விட்டேன். பருக்கை பருக்கையாக வந்தது.

ஒரு எரிச்சல். 12 நிமிடம் என்று வைத்தால் 12 நிமிடத்தில் சோறு என்று அர்த்தமில்லை. பிரஷர் ஏறி அந்தச் சின்ன ஊசி மேலே வந்தபிறகுதான் எண்ண ஆரம்பிக்கிறது. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

5 ஜனவரி, ஞாயிறு

களி. அம்மாவுக்கு ராத்திரி களி இல்லாவிட்டால் சாப்பிட்ட கணக்கே இல்லை.

நான் புத்திசாலித்தனமாக ராகி மாவைத் தண்ணியில் கரைத்து, நொய்யோடு சேர்த்து மூடிவிட்டேன். ஐந்தாறு நிமிடத்தில் பீப் பீப் என்று கத்தி நின்றுபோனது. மாவு அடியில் இறங்கிப் பிடித்துவிட்டது. கீழே சூட்டைப் பார்க்கிற சென்சார், அடிப்பிடித்தால் தானே நிறுத்திக்கொள்ளும். அந்த விஷயத்தில் என்னைவிட அதற்கு அறிவு ஜாஸ்தி. பாத்திரத்தை ராத்திரி பூரா ஊறப் போட்டேன். அம்மா பன் தின்று படுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

6 ஜனவரி, திங்கள்

இன்றைக்கு அம்மா சொன்னபடியே செய்தேன். ஒரு கைப்பிடி நொய், மூணு டம்ளர் தண்ணீர், உப்பு, பத்து நிமிடம். ஆவி அடங்கினதும் மூடியைத் திறந்து, வதக்குகிற பட்டனை அழுத்தி, கொதி வந்ததும் ஒன்றேகால் டம்ளர் மாவை நடுவில் குவியலாகக் கொட்டினேன். கிளறக் கூடாது. குவியலில் துடுப்புக் காம்பால் ஒரு குழி. அந்தக் குழி வழியாக நொய்க்கஞ்சி பொளக் பொளக் என்று மேலே வந்து, மாவை ஓரத்திலிருந்து கறுக்கவைத்துக்கொண்டே போகும். மேலே வெள்ளை மாவு தெரியாமல் போனதும் கிண்டலாம்.

கிண்டப் போனால் உள்பாத்திரம் துடுப்போடு சேர்ந்து சுற்றுகிறது! மண்சட்டியில் என்றால் கவைக்கோலைப் போட்டுக் காலால் மிதித்துக்கொள்வார்கள். பாத்திரத்தை வெளியே எடுத்து, ஈரத்துண்டைச் சுருட்டித் தரையில் வைத்து, அதன்மேல் உட்காரவைத்தேன். அம்மா இரண்டு துணியால் இரு பக்கமும் பிடித்துக்கொண்டாள். எண்பத்து மூணு வயசுக் கை, அசையவில்லை. கட்டி இல்லாமல் வந்தது. தண்ணீர் தொட்ட கிண்ணத்தில் உருட்டிக் கவிழ்த்தேன். பளபளப்பு கொஞ்சம் குறைவுதான். அம்மா இரண்டு உருண்டை சாப்பிட்டாள்.

9 ஜனவரி, வியாழன்

அவரைக்கொட்டைக் குழம்பு. ராத்திரி ஊறவைத்த காய்ந்த கொட்டை, 15 நிமிடம். வேகவில்லை. இன்னும் 10. தோல் கழன்றதே தவிர உள்ளே நறுக்கு நறுக்கு.

குக்கரைத்தான் சந்தேகப்பட்டேன். கையேட்டில் பிரஷர் 70 கிலோபாஸ்கல் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் உள்ளே சூடு 115 டிகிரி பக்கம். அடுப்புக் குக்கர் 120-ஐத் தொடும். அந்த ஐந்து டிகிரிதான் காரணம் என்று ஓசூருக்குப் போன் போட்டு விளக்கினேன்.

"ஏங்க, எந்தத் தண்ணி ஊத்துனீங்க?"

"போர் தண்ணிதான்."

"அதுல எப்படிங்க வேகும்? ஒகேனக்கல் தண்ணி எடுத்து ஊத்துங்க."

முப்பது வருஷமாக நான் சாப்பிட்ட குழம்புக்கு அவள் குடிதண்ணீர்க் குடத்திலிருந்துதான் மொண்டு ஊற்றியிருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

10 ஜனவரி, வெள்ளி

அதே டப்பா, அதே கொட்டை, அதே 15 நிமிடம். ஒகேனக்கல் தண்ணீர் மட்டும் புதுசு. விரலால் நசுக்கினேன், வெண்ணெய் மாதிரி குழைந்தது.

எங்கள் போர் தண்ணியில் சுண்ணாம்புச் சத்து அதிகம். புது உள்பாத்திரத்திலேயே ஒரு வாரத்தில் வெள்ளை வளையம் படிந்துவிட்டது. அந்தக் கால்சியமும் மெக்னீசியமும் கொட்டையில் இருக்கிற பெக்டின் என்கிற பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அப்புறம் எத்தனை நிமிடம் வைத்தாலும் லேசில் இளகாது. புளியும் தக்காளியும் முன்கூட்டியே சேர்த்தாலும் இதே கதைதான், வெந்தபிறகு ஊற்ற வேண்டும். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது போர் தண்ணியில் இருக்கிற ஃபுளோரைடுக்காக. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியதற்கு அந்த ஃபுளோரைடுதான் காரணம். கொட்டை வேகாததற்கும் ஃபுளோரைடுக்கும் சம்பந்தமில்லை.

அம்மாவிடம் சொன்னேன். "எங்கம்மா வீட்டுல பருப்புக்குன்னு தனிக் கெணறுடா, மேக்கால. குடிக்க வேற, பருப்புக்கு வேற" என்றாள். இதை நேற்றே சொல்லியிருக்கலாம். "நீ கேக்கலியே."

12 ஜனவரி, ஞாயிறு

நேற்று கொள்ளு, 25 நிமிடம், ரசமும் கடைசலும் அருமை. இன்று காலை அதிலேயே சாமை வைத்தேன், ஒன்றுக்கு இரண்டு, 6 நிமிடம். பதம் சரி, வாசனை மட்டும் கொள்ளு ரசம். மூடியில் இருக்கிற ரப்பர் வளையம் வாசத்தைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. எலுமிச்சைத் தோல் போட்டுத் தேய்த்துத் துணிக்கொடியில் மாட்டியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பொங்கல். அது இதில் கிடையாது என்று அம்மா இப்போதே சொல்லிவிட்டாள், மூடிப் பூட்டினால் எங்கே பொங்கும்? வெண்கலப் பானையைப் பரணிலிருந்து இறக்கிப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும். வளையம் மத்தியானம் வரைக்கும் வெயிலில் கிடந்தது. முகர்ந்து பார்த்தேன். கொள்ளுதான்.