பிங்க் தண்ணி வரும் வரைக்கும்

போன சனிக்கிழமை காலையில் எங்கள் கேம்பிங் டிரெய்லருக்கு அடியில், பிரித்துப் போட்ட அட்டைப்பெட்டி மேல் மல்லாந்து படுத்திருந்தேன். முகத்துக்கு நேர் மேலே சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று இரண்டு குழாய் முனைகள். சிவப்பின் மூடியைத் திருகியதும் தண்ணி மணிக்கட்டில் விழுந்து, ஸ்வெட்டர் கைக்குள் புகுந்து, நேராக அக்குளுக்குப் போய்ச் சேர்ந்தது. வெளியே 38 டிகிரி ஃபாரன்ஹீட், நம்ம ஊர்க் கணக்கில் 3. அந்த நேரம் பார்த்து போன் அடிக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து அப்பா.

"என்ன சாமி, மூச்சு வாங்குது?"

"வண்டில தண்ணி எடுத்துட்டு இருக்கறனுங்ப்பா."

"ரொப்பறயா?"

"இல்லீங்ப்பா. வெளிய எடுத்துட்டு இருக்கறேன். ஒரு சொட்டு இல்லாம."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை. தோட்டத்தில் மூன்று போர் போட்டு இரண்டு பொய்த்துப்போன மனுஷர். குழாயில் தண்ணி இருக்கக்கூடாது என்று ஒருத்தன் ஒரு நாள் முழுக்கப் பாடுபடுகிறான் என்பதை அவரிடம் ஒவ்வொரு அக்டோபரிலும் முதலிலிருந்து சொல்லவேண்டியிருக்கிறது.

இங்கே மினசோட்டாவில் அக்டோபர் என்பது எல்லாக் குழாயையும் காலி பண்ணுகிற மாதம். தெருவில் வரிசையாக வீடுவீடாகப் புல்தரை ஸ்பிரிங்க்ளரில் காற்றடிக்கப் பெரிய கம்ப்ரஸரை இழுத்துக்கொண்டு வேன்கள் வரும். தோட்டத்து ஹோஸைக் கழற்றிச் சுருட்டுவார்கள். எங்கள் வீட்டு டிரைவ்வேயில் இருபத்திரண்டு அடி டிரெய்லர் ஒன்று நிற்கிறது. மூன்று வருஷத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதற்குள் ஒரு சின்ன வீட்டுக்குரிய தண்ணி வேலை மொத்தமும் இருக்கிறது: நாற்பது கேலன் தொட்டி, பம்ப், ஹீட்டர், சிங்க் இரண்டு, ஷவர், டாய்லெட். இத்தனையும் நவம்பரிலிருந்து ஏப்ரல் வரைக்கும் சூடே இல்லாமல் வெட்டவெளியில் நிற்கவேண்டும். 2019 ஜனவரி 30-ஆம் தேதி மினியாபொலிஸில் மைனஸ் 28 ஃபாரன்ஹீட் வரைக்கும் போனது. செல்சியஸில் மைனஸ் 33.

தண்ணி உறைந்தால் சுமார் ஒன்பது சதவீதம் பெருக்கும். ஃப்ரீசரில் சோடா பாட்டிலை வைத்து மறந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். டிரெய்லரில் ஓடுவது பெக்ஸ் என்கிற பிளாஸ்டிக் குழாய். அது ஓரளவுக்கு வளைந்துகொடுக்கும். வெடித்துப்போவது அதன் மூட்டுகளான எல்போவும் டீயும், அப்புறம் வால்வும்தான். அதாவது, கைக்கு எட்டாத இடத்தில் இருப்பவை.

முதல் வருஷம் நானாகவே செய்தேன். நாலு வீடியோ பார்த்தாயிற்று, பொறியியல் படித்தாயிற்று, அப்பாவோடு ஃபுட் வால்வு மாட்டிய கை வேறு. தொட்டியைத் திறந்துவிட்டேன், வண்டிக்கு அடியில் இருக்கிற அந்த இரண்டு வடிகுழாய்களைத் திறந்துவிட்டேன், குளிரில் குழாய் வெடிக்காமல் காக்கிற பிங்க் நிற ஆன்டிஃப்ரீஸை உள்ளே எல்லாக் குழாயிலும் வரும் வரைக்கும் விட்டேன். பெருமையாக போட்டோ எடுத்து வாட்ஸாப்பில்கூடப் போட்டேன். ஏப்ரலில் தண்ணி ரொப்பி பம்ப் சுவிட்சைப் போட்டால், பம்ப் நிற்கவே இல்லை. குழாய் எல்லாம் மூடியிருந்தால் பிரஷர் ஏறியதும் அது தானாக 'டக்'கென்று நின்றுவிடவேண்டும். நிற்காமல் ஓடினால் தண்ணி எங்கோ போகிறது என்று அர்த்தம். காதை வைத்துக் கேட்டேன். மகளுடைய பங்க் படுக்கைக்குப் பின்னால் சுவருக்குள் 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் பிளைவுட் ஏற்கெனவே கறுத்து ஊறிவிட்டிருந்தது.

அவுட்சைட் ஷவர். வண்டிக்கு வெளிப்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு, அதைத் திறந்தால் இரண்டு குமிழ், ஒரு ஹோஸ். ஏரியில் குளித்துவிட்டு வந்து மணல் காலைக் கழுவ வைத்தது. நாங்கள் அதை ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. தொடாததால் அது இருக்கிற ஞாபகமே இல்லை. ஆனால் வாங்கிய புதிதில் தொட்டி ரொப்பிப் பம்ப் ஓட்டியபோதே அந்தக் கிளைக்குள் தண்ணி போய் உட்கார்ந்துவிட்டது. வடிகுழாயைத் திறந்தாலும் அது இறங்காது. மேலே குமிழ் மூடியிருந்தால் காற்று உள்ளே போக வழியில்லையே. ஸ்ட்ராவின் மேல்முனையை விரலால் அடைத்துத் தூக்கினால் ஜூஸ் கீழே விழாமல் நிற்குமே, அதே கதை. அங்கேயே நின்று, அங்கேயே உறைந்து, வால்வின் பிளாஸ்டிக் உடம்பை முடி மாதிரி ஒரு கீறலாகக் கிழித்திருந்தது. வால்வின் விலை சொற்பம். தரையை அறுத்துப் புதுப் பலகை போட எனக்கு நாலு வாரயிறுதி ஆனது.

அதனால் இப்போது என் முறை தலைகீழ். மற்றவர்கள் சமையல் சிங்க்கில் தொடங்குவார்கள். நான் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, வெளியே தெரிகிற ஒவ்வொரு சின்னக் கதவையும் திறந்து வைத்துவிட்டுத்தான் ரெஞ்சைக் கையில் எடுப்பேன்.

எம்இஏ வீக்கெண்டுதான் எங்களுக்குக் கடைசிப் பயணம். அக்டோபர் மூன்றாம் வாரம் இங்கே பள்ளிக்கூடங்களுக்கு வியாழன், வெள்ளி விடுமுறை. இந்த முறை இட்டாஸ்கா போயிருந்தோம். மிசிசிப்பி புறப்படுகிற இடத்தில் கல்லுக்குக் கல் தாவி நதியைத் தாண்டினாள் மகள். திரும்பும் வழியிலேயே கழிவுத் தொட்டிகளைக் காலி செய்துவிட்டோம்: முதலில் டாய்லெட் தொட்டி, அப்புறம் சோப்புத்தண்ணித் தொட்டி, பின்னது ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை, படிக்க உங்களுக்கும் இருக்காது. வீட்டுக்கு வந்து இறங்கும்போதே போனில் திங்கட்கிழமை ராத்திரிக்கு 24 டிகிரி காட்டியது. உறைநிலை 32. இன்னொரு வாரம் பார்க்கலாம் என்று நினைத்திருந்தவன் சனிக்கிழமை எழுந்ததும் அட்டைப்பெட்டியைத் தேடினேன்.

ஹீட்டரை முந்தின நாளே கேஸ், கரண்ட் இரண்டிலும் அணைத்து வைத்திருந்தேன். சூடாக இருக்கும்போது அதைத் திறப்பவருக்கு முகத்தில்தான் பலன் கிடைக்கும். முதலில் மேலே இருக்கிற ரிலீஃப் வால்வைத் தூக்கி உள்ளே அடைந்திருக்கிற பிரஷரை விட்டுவிடவேண்டும். அப்புறம் ஒன்று-ஒன்றின்-கீழ்-பதினாறு அங்குல சாக்கெட்டைப் போட்டுக் கீழே இருக்கிற ஆனோடு ராடைக் கழற்றவேண்டும். எங்கள் ஹீட்டர் இரும்புத் தொட்டி; அதில்தான் இந்த ராடு இருக்கும். அலுமினியத் தொட்டி வைத்த ஹீட்டர்களில் வெறும் பிளாஸ்டிக் மூடிதான். ராடு கழன்றதும் ஆறு கேலன் தண்ணியும் தபதபவென்று டிரைவ்வேயில் கொட்டியது, அதோடு சுண்ணாம்புச் செதில் ஒரு கைப்பிடி.

இந்த ராடைப் பார்க்க எனக்கு ஒவ்வொரு வருஷமும் ஆசை. போட்டபோது விரல் தடிமனில் வழவழவென்று இருந்த மெக்னீசியக் கம்பி. இப்போது எறும்பு அரித்த முருங்கைக் குச்சி மாதிரி, நடுவில் உள்கம்பி தெரிய, அங்கங்கே பொருக்கோடு வந்தது. தண்ணியில் இருக்கிற உப்பும் ஆக்ஸிஜனும் யாரையாவது தின்றே தீரும். இரும்பைவிட மெக்னீசியம் சீக்கிரம் கரையும் என்பதால் முதலில் இதைத் தின்னும், தொட்டி தப்பிக்கும். முக்கால்வாசி போய்விட்டால் மாற்றிவிடவேண்டும். இது பாதிதான் போயிருந்தது. அடுத்த வருஷத்துக்கும் ஆகும் என்று டெஃப்லான் டேப் சுற்றி வைத்தேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதையா ரெண்டு நிமிஷமா உத்துப் பார்த்துட்டு இருக்கீங்க?" என்றாள். ஆமாம்.

அடுத்து பைபாஸ். ஹீட்டருக்குப் போகிற வழியையும் வருகிற வழியையும் அடைத்து, நடுவில் குறுக்குவழியைத் திறப்பது. இதை மறந்தால் ஆன்டிஃப்ரீஸ் முதலில் அந்த ஆறு கேலன் தொட்டியை ரொப்பிக்கொண்டிருக்கும்; நீங்கள் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பிங்க் எப்போது வரும் என்று காத்திருப்பீர்கள். பைபாஸ் போட்டால் எங்கள் வண்டிக்கு இரண்டரை கேலன் போதும்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலி மேல் கையை ஊன்றிக்கொண்டு, வருஷாவருஷம் கேட்கிறதைக் கேட்டார்: காற்றா, பிங்க்கா? இங்கே இது பெரிய கட்சிச் சண்டை. அவர் காற்றுக் கட்சி. வெளித்தண்ணி ஹோஸ் மாட்டுகிற சிட்டி வாட்டர் வாயில் ஒரு நிப்பிளை மாட்டி, கம்ப்ரஸர் பிரஷரை நாற்பது பிஎஸ்ஐ-க்கு மேல் போகாமல் வைத்து, ஒவ்வொரு குழாயாகத் திறந்து ஊதிவிடுவார். முப்பது வருஷமாக ஒன்றும் ஆனதில்லை என்கிறார். நம்புகிறேன். ஆனால் பள்ளமான இடத்தில் காற்று தண்ணிக்கு மேலாகவே ஓடிவிடும், கொஞ்சம் தங்கும். ஒரு தடவை கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதால் நான் இரண்டு கட்சியிலும் சேர்ந்துவிட்டேன். முதலில் காற்று, அப்புறம் பிங்க். காற்றில் தண்ணி போய்விட்டால் பிங்க் நீர்த்துப்போகாது என்பது கூடுதல் லாபம்.

பிங்க் பற்றி இரண்டு விஷயம். கார் ரேடியேட்டருக்கு ஊற்றுகிற பச்சை ஆன்டிஃப்ரீஸ் எத்திலீன் கிளைக்கால், விஷம். அதைக் குடிதண்ணி ஓடுகிற குழாயில் கனவில்கூட ஊற்றக்கூடாது. இது புரோப்பிலீன் கிளைக்கால், ஆர்வி என்கிற இந்த மாதிரி வீட்டு வண்டிகளுக்கென்றே விற்பது. இரண்டாவது, டப்பாவில் மைனஸ் 50 என்று போட்டிருப்பது குழாய் வெடிக்காது என்பதற்கான கணக்கு. உறையாது என்று பொருளில்லை. அதற்கு வெகு முன்னாலேயே அது கூழ் மாதிரி ஆகிவிடும். கூழ் பரவாயில்லை, கல்லாகித் தள்ளாதவரை.

இங்கேதான் எனக்கு அப்பா ஞாபகம் வரும். மோட்டார் தண்ணி இழுக்கவில்லை என்றால் "காத்து ஏறிருச்சு" என்பார். குடத்தில் கொண்டுவந்து குழாயில் தண்ணி ஊற்றி, காற்றை விரட்டி, அப்புறம் சுவிட்சைப் போடுவார். நான் காற்றை ஊதித் தண்ணியை விரட்டிவிட்டு, பம்ப்பின் வாயில் ஒரு ஹோஸை மாட்டி, மறுமுனையை பிங்க் கேனுக்குள் விட்டு சுவிட்சைப் போட்டேன். பம்ப் இரண்டு தடவை செருமியது. அப்புறம் கேனில் மட்டம் இறங்கத் தொடங்கியது.

முதலில் அவுட்சைட் ஷவர். மகளை அங்கே நிறுத்தினேன். ஜாக்கெட் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு ஹோஸை வாளிக்குள் பிடித்திருந்தாள். நீலக் குமிழ்: துப்பல், காற்று, வெள்ளைத் தண்ணி, அப்புறம் ரோஸ்மில்க் நிறத்தில் ஒரு கோடு. "பிங்க்!" சிவப்புக் குமிழ்: "வெயிட், வெயிட்... பிங்க்!" அந்த மூலையில் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. மிச்சமெல்லாம் பதினைந்து நிமிஷ வேலை. சமையல் சிங்க், பாத்ரூம் சிங்க், ஷவர், டாய்லெட் ஃப்ளஷ், ஒவ்வொன்றிலும் பச்சைத்தண்ணி பாதி, வெந்நீர் பாதி. சிங்க்குக்கு அடியில் வளைந்திருக்கிற பி-டிராப்பில் ஆளுக்கு ஒரு கப் ஊற்றியாயிற்று. ஃபில்டரை முன்பே கழற்றி வீசியிருந்தேன்.

கடைசியாக ஒரு இடம் இருக்கிறது, நிறையப் பேர் விட்டுவிடுவது. கேம்ப்கிரவுண்டில் ஹோஸ் மாட்டுகிற சிட்டி வாட்டர் வாய். அதற்குள் ஒரு செக் வால்வு, உள்ளே போன தண்ணி திரும்பாமல் பிடிக்க. அதன் பின்னால் ஒரு மடக்குத் தண்ணி மாட்டிக்கொண்டு நிற்கும். சல்லடையை எடுத்துவிட்டு, பம்ப் ஓடும்போது நடுவில் இருக்கிற முள்ளை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தவேண்டும். தள்ளி நின்று அழுத்தவேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் நேராக நின்று அழுத்தினேன். கண்ணாடி, மீசை, ஸ்வெட்டர், எல்லாம் பிங்க். பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

பம்ப்பை அணைத்து, ஒரு குழாயைத் திறந்து மீதிப் பிரஷரை விட்டு, ஹீட்டர் சுவிட்சின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். தொட்டியில் தண்ணி இல்லாமல் அந்தச் சுவிட்சைப் போட்டால் எலிமெண்ட் சில நொடியில் கருகிவிடும். ஏப்ரலில், குளிர் போன சந்தோஷத்தில், யாரோ ஒருத்தர் போடுவோம். அந்த யாரோ பெரும்பாலும் நான்தான். டேப்பில் எழுதுகிற வேலையை மகள் கேட்டு வாங்கிக்கொண்டாள். தமிழ்ப் பள்ளியில் இப்போது இரண்டாவது வருஷம். நாக்கைக் கடித்துக்கொண்டு, மார்க்கரால், பெரிய எழுத்தில் எழுதினாள்: "தன்னி இல்லை. தொடாதே அப்பா."

"மூணு சுழி ண கண்ணு அது," என்றேன்.

டேப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "இடம் இல்லைப்பா," என்றாள்.