ஊறட்டும் என்று விடுவது

வீடுகளைத் துப்புரவு செய்வதைத் தொழிலாக ஏற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. முதல் மூன்று ஆண்டுகள் ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தேன். சமையலறைக்கு ஒன்று, குளியலறைக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, தரைக்கு ஒன்று என்று நிறம் நிறமாகப் புட்டிகளைச் சுமந்துகொண்டு போவோம். வேலை முடிந்ததும் வீடு மணக்க வேண்டும், மணந்தால்தான் வீட்டுக்காரர் சுத்தமாகிவிட்டது என்று நம்புவார் என்பது அங்கே கிடைத்த முதல் பாடம். மாலையில் தொண்டை கமறும், விரல் நுனித் தோல் உரியும். ஒரு நாள், சன்னல் திறக்காத ஒரு குளியலறையில், பிளீச் ஊற்றிய இடத்தைச் சரியாகக் கழுவாமல் அதன்மேலேயே கழிப்பறைக்கான அமிலத் திரவத்தை ஊற்றிவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும் என்பது எனக்குத் தெரியாது. கண்ணும் மூக்கும் எரிய, இருமிக்கொண்டே வெளியே ஓடிவந்து, படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோதுதான், அன்றாடம் கையில் எடுக்கும் பொருள்களைப் பற்றி நான் ஒன்றுமே அறிந்திருக்கவில்லை என்பது உறைத்தது.

தனியாக வேலை செய்யத் தொடங்கியபோது பையில் ஐந்து பொருள்களே இருந்தன: சோப்பு, சமையல் சோடா, சலவைச் சோடா, வினிகர், பழைய பருத்தித் துணி. இயற்கையான பொருள் எதையும் கெடுக்காது என்ற நம்பிக்கையோடு தொடங்கியதால் தவறுகளும் உடனே வந்தன. சமையல் சோடாவைத் தூவி அதன்மேல் வினிகரை ஊற்றும்போது பொங்கும் நுரையைப் பார்த்து, அழுக்கு பயந்து ஓடுகிறது என்று பல மாதங்கள் மகிழ்ந்திருந்தேன். உண்மையில் காரமும் அமிலமும் ஒன்றையொன்று முறித்துக்கொள்கின்றன. கரியமில வாயு காற்றோடு போய்விட, மிஞ்சுவது சோடியம் அசிட்டேட் கரைந்த தண்ணீர்தான். தனித்தனியே நன்றாக உழைக்கும் இரண்டு பொருள்களைச் சேர்த்து, இரண்டையுமே வீணாக்கியிருக்கிறேன். வினிகரில் ஏறக்குறைய 5 விழுக்காடு அசிட்டிக் அமிலம் இருக்கிறது. குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறை பெரும்பாலும் கால்சியம் கார்பனேட் என்பதால் அதில் கரைந்துவிடும். பளிங்குக் கல்லும் அதே கால்சியம் கார்பனேட்தான் என்பதை, ஒரு வீட்டில் உள்ளங்கை அளவுக்கு மெருகைப் போக்கடித்த பிறகே கற்றேன். அதைச் சரிசெய்த செலவு என்னுடையது.

வினிகர் நம்பகமான கிருமிநாசினி அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் யாருக்காவது வாந்தியும் பேதியும் வந்திருந்தால், இன்றும் பிளீச்சைத்தான் எடுக்கிறேன். அளந்து, தண்ணீரில் கலந்து, சன்னலைத் திறந்துவைத்து, வேறெதனோடும் சேர்க்காமல். இதைக் கேட்டு, நீங்கள் பசுமைத் துப்புரவு செய்பவர் அல்லவா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு.

மென்மையான பொருள்களுக்கு மாறியதில் நான் எதிர்பாராதது, வேலையின் வரிசையே தலைகீழாக மாறியதுதான். கடுமையான திரவம் ஐந்து நிமிடத்தில் செய்வதை இவை ஒரு மணி நேரத்தில் செய்யும். ஆனால் அந்த ஒரு மணி நேரமும் நான் அங்கே நின்று தேய்க்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் வினிகரில் நனைத்த துணியைக் குழாயைச் சுற்றிக் கட்டிவிடுவேன். அடுப்பின் இரும்புத் தட்டுகளை வெந்நீரில் கரைத்த சலவைச் சோடாவில் மூழ்க வைப்பேன். (கையுறை கட்டாயம், அலுமினியத்தை அதில் போடவே கூடாது.) பிறகு மேலே ஒட்டடையில் தொடங்கி, அலமாரி, மேசை என்று மெதுவாகக் கீழே இறங்கி வருவேன். திரும்பி வந்து துணியை அவிழ்க்கும்போது, கறை தானாகவே நெகிழ்ந்து, விரலால் தொட்டாலே வழுக்கிக்கொண்டு போகும். எத்தனை முறை பார்த்தாலும் அந்தக் கணம் எனக்குச் சலிக்கவில்லை.

சென்ற ஆண்டு அக்கா வீடு மாறினாள். எங்கள் குடும்பத்தில் என் தொழிலைப் பற்றி யாரும் இழிவாகப் பேசியதில்லை. ஆனால் உறவினர்கள் கேட்டால் அம்மா, "ஏதோ வீட்டுப் பராமரிப்பில் இருக்கிறாள்" என்று முடித்துக்கொள்வார். அக்காவே அழைத்து, "நீ வந்து நின்றால்தான் எனக்குத் தைரியம்" என்று சொன்னபோது, நான் வேண்டிய அளவுக்கும் மேலாகவே மகிழ்ந்தேன்.

பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்த வீடு. அத்தான் எல்லாப் புத்தகங்களையும் ஒரே பெரிய பெட்டியில் அடுக்கி, அதைத் தூக்க முடியாமல் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கனமானவை சிறிய பெட்டியில், இலேசானவை பெரிய பெட்டியில் என்று மாற்றி வைத்தோம். தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல், செங்குத்தாக நிறுத்தி, இடையிடையே துண்டுகளையும் பழைய சட்டைகளையும் செருகினோம். எப்படியும் கொண்டுபோக வேண்டிய துணிகள் இருக்கும்போது, குமிழ் நெகிழித் தாள் எதற்கு? குளிர்சாதனப் பெட்டியை முந்தைய நாளே அணைத்துப் பனியை உருகவிட்டோம். சிங்குக்கு அடியில் கையை விட்டபோதுதான் எனக்கே திகைப்பாக இருந்தது. பாதி தீர்ந்தும் தீராமலும் பதினேழு புட்டிகள், அவற்றில் நான்கு, ஒரே வேலைக்கான வெவ்வேறு திரவங்கள். எல்லாவற்றையும் சாக்கடையில் கவிழ்த்துவிடலாம் என்றார் அத்தான். நான் மறித்தேன். நல்ல நிலையில் இருந்தவற்றை அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்தோம். மற்றவற்றை ஒன்றோடொன்று கலக்காமல், அவற்றின் சொந்தப் புட்டிகளிலேயே அபாயக் கழிவுச் சேகரிப்புக்கு அனுப்பினோம். பசுமை என்று அச்சிட்ட இன்னொரு புட்டியை வாங்குவதைவிட, இருக்கிறதைத் தீர்க்கும்வரை அடுத்ததை வாங்காமல் இருப்பது பெரிய காரியம் என்று எனக்குத் தோன்றுகிறது. வாடிக்கையாளர்களிடம் இதைச் சொல்வதில் ஒரு சங்கடமும் உண்டு. கேட்பதற்குப் புத்தி சொல்வதுபோல் ஆகிவிடுகிறது.

வண்டி போன பிறகு வெறும் வீட்டை ஒப்படைக்கத் தயாராக்கும் வேலை இருந்தது. இத்தொழிலில் இருப்பவர்களுக்கு அழுக்கைப் படிக்கத் தெரியும். கதவின் விளிம்பில் எந்த உயரத்தில் கறுத்திருக்கிறது என்பதைக் கொண்டே அதைத் தள்ளும் குழந்தையின் வயதை ஏறக்குறையச் சொல்லிவிடலாம். படித்ததை அப்போதே மறந்துவிட வேண்டும்; யாருடைய அழுக்கு என்று பார்க்கக் கூடாது என்பது எனக்கு நானே வைத்துக்கொண்ட விதி. அந்த வீட்டின் நடையில், படுக்கையறையிலிருந்து குளியலறை வரைக்கும், இடுப்பு உயரத்தில் சுவரோடு ஒரு மங்கிய பழுப்புக் கோடு ஓடியது. அப்பா தம் கடைசி ஆண்டை அக்காவின் வீட்டில்தான் கழித்தார். இரவில் விளக்குப் போடாமல், சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார்.

அவர் போய் மூன்று ஆண்டுகளாகியும் அக்கா அந்த இடத்தைத் துடைக்கவில்லை. இளஞ்சூடான சோப்புத் தண்ணீர் இரண்டு நிமிடத்தில் போக்கிவிடும் கறை அது. நான் வாளியை வைத்துவிட்டு நின்றேன். அக்கா என் கையிலிருந்த துணியை வாங்கிப் பிழிந்தாள்.

"இதையும் ஊறவிட வேண்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம், அக்கா. மெதுவாகத் துடைத்தாலே போதும்."

அவள் படுக்கையறைப் பக்கத்திலிருந்து தொடங்கினாள். குழாயில் கட்டிய துணியை அவிழ்க்க நேரமாகிவிட்டிருந்ததால், நான் சமையலறைக்குப் போனேன்.