ஒரு பாத்திரச் சமையலும் ஒரு குவளைப் பூவும்

வார நாளில் சமையல் சுருக்கமாக முடிய வேண்டும். சாப்பிட உட்காரும் இடத்தில் எந்நாளும் நாலு பூவாவது இருக்க வேண்டும். இரண்டுமே எனக்கு நெடுநாள் ஆசை. ஆனால் சமையலுக்கு ஒரு திட்டம், பூவுக்கு வேறொரு திட்டம் என்று போட்டால் பூ எப்போதும் அடிபட்டுப் போகும். அதனால் இரண்டையும் ஒரே வேலையாக்கினேன். வார இறுதியில் காய் நறுக்கும் கையோடு பூத்தண்டும் நறுக்குவது, வார நாளில் அரிசி கழுவும் கையோடு ஜாடித் தண்ணீரும் மாற்றுவது, அவ்வளவுதான். இப்படிச் செய்து வந்ததில் எது கைகொடுத்தது, எது என் வீட்டுக்குச் சரிப்பட்டது என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் சமையல். ஏழு நாளுக்கும் ஏழு உணவு யோசித்துப் பட்டியல் போடும் முறையை விட்டுவிட்டேன். அதற்குப் பதில் மூன்று பொருளை மட்டும் முன்கூட்டியே தயார் செய்கிறேன்: வேகவைத்த கொண்டைக்கடலை, வெங்காயம் தக்காளி வதக்கல், ஓவனில் சுட்ட காய்கறி. இந்த மூன்றும் ஃப்ரிட்ஜில் இருந்தால் பாதிச் சமையல் முடிந்த மாதிரி. எந்த நாளில் எதை எதோடு சேர்ப்பது என்பதை அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களின் பசி முடிவு செய்யட்டும்.

கொண்டைக்கடலையில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். ஒரே அளவு கடலையை இரண்டு பாத்திரத்தில் இரவு ஊறப்போட்டேன். ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றொன்றில் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டிக்குச் சற்று கூடுதலாக உப்பு. காலையில் இரண்டையும் கழுவி, புதுத் தண்ணீரில், மூடி போட்ட சாதாரணப் பாத்திரத்தில் தனித்தனியே வேகவைத்தேன். உப்பில் ஊறியது முன்னதாகவே மெத்தென்று ஆனது. தோலும் கழன்று சுருளாமல் பருப்போடு ஒட்டியே இருந்தது. தோலில் இருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியமும் மக்னீசியமும் இறுக்கிப் பிடித்திருக்கின்றன. உப்பிலுள்ள சோடியம் அவற்றின் இடத்தில் போய் உட்கார்ந்து அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. உப்பு போட்டால் கடலை வேகாது என்று காலங்காலமாகச் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஊறவைக்கும்போது போடும் உப்பு அதற்கு நேர்மாறாகவே வேலை செய்கிறது. வேக விடாமல் தடுப்பது புளிப்புதான். தக்காளியோ எலுமிச்சையோ கடலை நன்றாக வெந்த பிறகுதான் சேர வேண்டும். வதக்கலையும் கடலையையும் தனித்தனி டப்பாவில் வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு தடவை ஊறவைத்தால் இரண்டு வாரத்துக்கு ஆகும் அளவு வேகவைக்கிறேன். அந்த வாரத்துக்கு வேண்டியது போக மீதியைக் கெட்டியான பையில் போட்டு, தட்டையாகப் பரப்பி ஃப்ரீசரில் அடுக்குகிறேன். உருண்டையாக உறைந்தால் இளகுவதற்கே நேரம் பிடிக்கும். தட்டையாக உறைந்ததை வேண்டிய அளவு உடைத்து எடுத்துக்கொள்ளலாம்.

வெங்காய வதக்கலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அவசரப்படாமல் மிதமான தீயில் வதக்க வேண்டும், நிறையச் செய்ய வேண்டும். அது இருந்தால் கடலைக் குழம்பு, பாஸ்தா, முட்டை என்று எதற்கும் அடித்தளம் தயார்.

ஓவன் காய்கறிதான் எனக்கு மிகவும் பிடித்துப்போன முறை. 200 டிகிரி செல்சியஸ் சூடு. உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கெட்டியான காய்களை இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, எண்ணெயும் உப்பும் பிரட்டி முதலில் உள்ளே வைக்கிறேன். இருபது நிமிடம் கழித்து டிரேயை வெளியே இழுத்து, ஒரு பக்கம் ஒதுக்கி, குடைமிளகாய், காலிஃபிளவர், தக்காளி எல்லாம் சேர்த்து மறுபடி இருபது நிமிடம். காய்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் இருக்க வேண்டும். நெருக்கமாக அடைத்தால் அவற்றிலிருந்து வரும் நீராவி வெளியேற வழியில்லாமல் காய் வெந்துதான் போகும், ஓரம் சிவக்காது. அந்தச் சிவந்த ஓரத்தில்தான் ருசியே இருக்கிறது. இடம் போதாவிட்டால் இரண்டு டிரேயாகப் பிரித்து வைப்பது மேல்.

வார நாள் இரவு உணவு இப்போது இப்படிப் போகிறது. ஒரு நாள் அரிசியும் பருப்பும் ஒன்றாக: ஒரு பங்கு அரிசிக்கு அரைப் பங்கு பருப்பு, நான்கு பங்கு தண்ணீர், கொஞ்சம் கேரட், பட்டாணி, மிளகு, உப்பு. எல்லாம் ஒரே குக்கரில். குழைந்து, சூடாக, எந்த வயதுக்கும் ஒத்துப்போகும். இன்னொரு நாள் சுட்ட காய்கறி மீதியோடு ஆறு முட்டையை அடித்து ஊற்றி, மூடி போட்டு, சிறு தீயில் தடிமனான ஆம்லெட். வேறொரு நாள் கடலையும் வதக்கலும் சேர்ந்து குழம்பு.

குழந்தைகளுக்காக ஒரு மாற்றம் செய்தேன். எல்லாவற்றையும் கலந்து தட்டில் போடாமல், சாதம், கடலை, காய், தயிர் என்று தனித்தனிக் கிண்ணத்தில் நடுவில் வைத்துவிடுகிறேன். அவரவர் தட்டை அவரவரே நிரப்பிக்கொள்கிறார்கள். “காய் வேண்டாம்” என்ற பேச்சு குறைந்துவிட்டது. “அம்மா, இந்தச் சிவந்த காலிஃபிளவர் மட்டும் எடுத்துக்கலாமா?” என்ற பேச்சு கூடிவிட்டது. தானே எடுத்துப் போட்டுக்கொண்டதைப் பிள்ளை மிச்சம் வைப்பதும் அபூர்வம்.

மொத்தமாகச் சமைத்து வைப்பவர்கள் ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். வெந்த சோற்றை வெளியே நெடுநேரம் வைக்கவே கூடாது. பேசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் பிழைத்து நிற்கும். மிதமான சூட்டில் கிடக்கும்போது அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சில் ஒரு வகை மறுபடி சூடு செய்தாலும் போகாது. நான் அகலமான தட்டில் பரப்பி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுகிறேன். ஃப்ரிட்ஜ் 4 டிகிரியோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும். சமைத்த உணவு அதில் மூன்று நான்கு நாளுக்கு மேல் இருந்தால் எடுத்துவிடுவேன். வாரத்தின் பின்பாதிக்கு ஃப்ரீசரில் இருப்பதுதான்.

இனிப் பூவுக்கு வருகிறேன். இதில்தான் நான் நிறையக் கற்றுக்கொண்டேன்.

பூ அலங்காரம் என்றதும் மனதில் வருவது பெரிய ஜாடி நிறைய விலை உயர்ந்த பூக்கள். வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அது தேவையே இல்லை. தண்ணீர் குடிக்கும் கண்ணாடிக் குவளையில் மூன்றே மூன்று சாமந்தி போதும். ஆனால் அந்த மூன்றும் வாரம் முழுக்க நிற்க வேண்டும். அதற்காக ஒரு சோதனை. ஒரே கட்டிலிருந்து எடுத்த சாமந்தியை இரண்டு குவளையில் வைத்தேன். ஒன்றில் தண்ணீருக்குள் முங்கும் இலைகளை எல்லாம் உருவிவிட்டேன், மற்றொன்றில் அப்படியே விட்டேன். இரண்டிலும் தண்ணீரை மாற்றவில்லை. இலையோடு இருந்த குவளையில் தண்ணீர் முதலில் மங்கியது, பிறகு வாடை வந்தது. தண்டைத் தொட்டால் வழவழவென்று கையில் ஒட்டியது. பூவும் முன்னாலேயே தலை சாய்ந்தது. அழுகும் இலையில் பெருகும் பாக்டீரியா, தண்டு நீர் இழுக்கும் மெல்லிய குழாய்களை அடைத்துவிடுகிறது. பூவைச் சுற்றி அத்தனை தண்ணீர் இருந்தும் பூ தாகத்தில்தான் வாடுகிறது.

தண்டை வெட்டும் விதமும் அதே கதைதான். பழைய கத்தரிக்கோலால் நசுக்கி வெட்டினால் குழாய்கள் நசுங்கும். காய் நறுக்கும் கூர்மையான கத்தி போதும். சாய்வாக, அடியிலிருந்து இரண்டு சென்டிமீட்டர். வெட்டியதும் உடனே தண்ணீருக்குள் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று உள்ளே ஏறி நீரோட்டத்தைத் தடுக்கும். ரோஜா கழுத்து ஒடிந்ததுபோல் தொங்குவதற்குப் பெரும்பாலும் இந்த அடைப்புதான் காரணம். அப்படித் தொங்கிய ரோஜாவைத் தூக்கி எறிய வேண்டாம். தண்டைத் தண்ணீருக்குள்ளேயே மறுபடி வெட்டி, பூவோடு முழுசாக ஒரு அகலப் பாத்திரத் தண்ணீரில் ஒரு மணி நேரம் கிடத்தினேன். எல்லாம் நிமிரவில்லை, ஆனால் பாதிக்கு மேல் நிமிர்ந்தன. ஹைட்ராஞ்சியாவுக்கு இந்தக் குளியல் இன்னும் நன்றாக வேலை செய்கிறது, அது இதழ் வழியாகவும் நீரை எடுத்துக்கொள்ளும். ஜெர்பராவுக்கு மட்டும் தண்ணீர் கொஞ்சமாகவே வேண்டும். அதன் தண்டு மென்மையானது, ஆழத்தில் நின்றால் சீக்கிரம் அழுகும்.

பூவுக்கு ஊட்டம் சமையலறையிலேயே இருக்கிறது. லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை, இரண்டு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு. செடியைப் பிரிந்த பூவுக்குச் சர்க்கரைதான் உணவு. புளிப்பு கலந்த நீர் தண்டுக்குள் எளிதாக ஏறும். ஆனால் சர்க்கரை பாக்டீரியாவுக்கும் உணவுதான். எனவே இதை ஊற்றிவிட்டு மறந்துவிட முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றி, ஜாடியைத் தேய்த்துக் கழுவி, தண்டின் நுனியையும் கொஞ்சம் வெட்ட வேண்டும். அரிசி கழுவும்போது இதைச் செய்வது என்று வைத்துக்கொண்டதால் விட்டுப்போவதில்லை.

பழக்கூடையைப் பூவிடமிருந்து பிரித்ததும் நல்ல பலன் தந்தது. வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி எல்லாம் பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை விடுகின்றன. கார்னேஷன் அதற்கு மிகவும் அஞ்சும் பூ. இதழ்கள் உள்பக்கமாகச் சுருண்டு மூடிக்கொள்ளும். பழம் மேடையிலும் பூ மேசையிலுமாக இடம் மாற்றிய பிறகு கார்னேஷன் எங்கள் வீட்டில் வெகுநாள் நிற்கிறது.

உயரம் பற்றியும் ஒரு தீர்மானத்துக்கு வந்திருக்கிறேன். தனியாக ஒரு மூலையில் நிற்கும் ஜாடி என்றால் பூவின் உயரம் ஜாடியைப் போல ஒன்றரை மடங்கு இருப்பது கண்ணுக்கு நன்றாக இருக்கும். சாப்பாட்டு மேசையில் அந்தக் கணக்கு ஒத்துவராது. எதிரில் இருப்பவர் முகம் மறையக் கூடாது. ஜாடியும் பூவும் சேர்ந்து முப்பது சென்டிமீட்டருக்குள் இருந்தால் பேச்சுக்குத் தடை இல்லை. மணம் தூக்கலான பூவையும் அங்கே வைப்பதில்லை. சாப்பாட்டின் வாசனைதான் அங்கே முன்னால் நிற்க வேண்டும்.

அகல வாய் கிண்ணத்தில் பூ சாயாமல் நிற்க, வாயின் குறுக்கும் நெடுக்குமாகச் செல்லோ டேப்பை ஒட்டிக் கட்டம் போடுகிறேன். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தண்டு. பூக்கடைகளில் பயன்படும் பச்சை நுரைக்கட்டியை வாங்குவதில்லை. 1954-ல் ஸ்மிதர்ஸ் என்பவர் கொண்டுவந்த அந்த நுரை தொழில்முறை அலங்காரத்தையே மாற்றியது உண்மைதான். ஆனால் அது பிளாஸ்டிக் வகை, மக்காது, உதிர்ந்து நுண்துகளாகும். வீட்டுக்கு டேப் கட்டமே தாராளம்.

சமையலும் பூவும் நிஜமாகவே ஒன்று சேர்ந்த இடம் கீரைக்கட்டு. புதினா, கொத்தமல்லி, பேசில் இவற்றை ஃப்ரிட்ஜில் சுருட்டி வைக்காமல், பூவைப் போலவே தண்டு வெட்டிக் குவளையில் நிறுத்துகிறேன். இரண்டு சாமந்தியை இடையில் செருகினால் அதுவே மேசை அலங்காரம். சாப்பாட்டு நேரத்தில் என் மகள் அதிலிருந்து நாலு இலை கிள்ளிக் கடலைக் கிண்ணத்தில் தூவுகிறாள். ஆனால் ஒன்று: கீரையோடு பூவையும் சேர்த்து நிறுத்தும்போது கடைப்பூவை வைப்பதில்லை, தொட்டியில் பூத்ததை மட்டும்தான் வைக்கிறேன். கடைப்பூவில் மருந்து தெளித்திருப்பார்கள். அந்த ஜாடியில் சர்க்கரை எலுமிச்சைக் கலவையும் இல்லை, வெறும் தண்ணீர்தான். புதினாவும் பேசிலும் சில நாளில் தண்ணீரிலேயே வெள்ளை வேர் விடும். அதைத் தொட்டியில் நட்டால் அடுத்த கட்டு வாங்க வேண்டியதில்லை.

தட்டில் பூ வைத்துப் பரிமாற ஆசைப்படுபவர்கள் இதே எச்சரிக்கையை இன்னும் இறுக்கமாகக் கடைப்பிடிக்க வேண்டும். அரளி போன்ற நச்சுப்பூ உணவின் பக்கத்திலேயே வரக் கூடாது. புதினா, கொத்தமல்லி, பேசில் இவற்றின் பூவைத் தாராளமாகத் தூவலாம், சாப்பிடவும் செய்யலாம். பூனை வளர்ப்பவர்கள் வீட்டுக்குள் லில்லியே வேண்டாம். இலை, இதழ், மகரந்தம், ஜாடித் தண்ணீர் எதுவானாலும் பூனையின் சிறுநீரகத்தைக் கெடுத்து உயிருக்கே ஆபத்தாகும்.

இதையெல்லாம் தொடங்கிய பிறகு வீட்டில் நான் கண்ட மாற்றம் ஒன்றைச் சொல்ல வேண்டும். முன்பு சாப்பிட்டதும் அவரவர் எழுந்து போய்விடுவார்கள். இப்போது தட்டு காலியான பிறகும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறார்கள். சமையலறையில் நான் நிற்கும் நேரம் குறைந்ததால் நானும் சூடாகச் சாப்பிட்டு அவர்களோடு உட்கார முடிகிறது. குழைந்த பருப்புச் சாதம்தான் என்றாலும் பக்கத்தில் பூ இருக்கும்போது அது ஏனோதானோ என்று வைத்த சாப்பாடாகத் தெரிவதில்லை. எளிய சமையலுக்கு அலங்காரம் எதற்கு என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது, எளிய சமையலுக்குத்தான் அது வேண்டும்.

அடுத்து இரண்டு வேலை கையில் இருக்கிறது. உப்பில் ஊறவைக்கும் முறையை மற்றப் பயறுகளிலும் செய்து, வேகும் நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பூவில், தண்டைக் குத்தி நிறுத்தும் ஆணிப்படுகை போன்ற கென்சான் என்ற தாங்கியை வாங்கி, இலையோடு ஒரே ஒரு கிளையைத் தாழ்வான தட்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். கிளைத்தண்டு கெட்டியானது என்பதால் அடியை நெடுக்குவாட்டில் கீறிவிட்டு நிறுத்தினால் எத்தனை நாள் தாங்குகிறது என்று பார்த்து எழுதுகிறேன்.