அப்பா முடிக்காத நெயிலா

1973 அக்டோபர் 6, யூதர்கள் உபவாசமிருந்து பாவமன்னிப்புக் கேட்கும் யோம் கிப்பூர் நாள்; அன்று பிற்பகல் இரண்டு மணியளவில் போர் அபாயச் சங்கு ஒலித்தபோது, ஹைஃபாவில் எங்கள் தெரு ஜெப ஆலயத்தில் உபவாசத்தோடு நின்றிருந்த அப்பா, ஜெபச் சால்வையான தாலித்தை மடித்து வைத்துவிட்டுப் படைக்குப் புறப்பட்டார். அந்த நாளை முடித்துவைக்கும் கடைசி ஜெபமான நெயிலா அந்த ஆண்டு அவருக்கு வாய்க்கவில்லை. ஒரு முறையாவது எருசலேமின் மேற்குச் சுவர் முன் நெயிலாவுக்கு நிற்க வேண்டும் என்று அதன்பின் ஆண்டுதோறும் சொல்லி வந்தார்; முதலில் பிழைப்பும் பிறகு சர்க்கரை நோயும் அதற்கு இடம் தரவில்லை. கடைசி ஆண்டுகளில், உயிரைக் காப்பதே பெரிது என்று யூத மதகுருவான ரப்பி உபவாசத்தையே தடுத்துவிட, மாத்திரையோடு ஒரு மிடறு தண்ணீர் குடித்துவிட்டு அவர் அழுததை அம்மா இன்றும் சொல்வார்.

யோம் கிப்பூர் அன்று பேருந்து ஓடாது என்பதால், அது தொடங்கும் மாலைக்கு முந்தைய இரவே அவருடைய தாலித்தோடு எருசலேம் சேர்ந்தேன். செலிகோத் என்னும் மன்னிப்பு ஜெபங்களைச் சொல்ல வந்த கூட்டம் சுவர் முன்னுள்ள சதுக்கத்தில் கால் வைக்க இடம் தரவில்லை. அதையாவது பொறுக்கலாம், கேட்காமலே மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டிவிட்டு, தர்மம் என்று காசு கேட்பவர்களைப் பொறுக்க முடியவில்லை. மன்னிப்புக் கேட்க வந்தவன் கோபப்படமாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

யோம் கிப்பூரைத் தொடங்கிவைக்கும் மாலை ஜெபமான கொல் நித்ரேயும் மறுநாள் காலைத் தொழுகையும் எளிதாகவே கழிந்தன. யோனாவின் புத்தகம் வாசித்து முடிந்த பிறகே உடல் தளர்ந்தது. காப்பி இல்லாத தலைவலி. துணிச் செருப்பைத் தாண்டிச் சுட்ட கல் தரை. அருகருகே நின்ற குழுக்கள் ஆளுக்கொரு ராகத்தில் பாடியதில், எந்த வரியில் நிற்கிறோம் என்பதே எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன், அறைக்குத் திரும்பிவிடலாமா என்றுகூட எண்ணினேன்.

அப்போது நெயிலா தொடங்கியது. பத்து நாள்களாக 'ஜீவ புத்தகத்தில் எங்களை எழுதும்' என்று வேண்டிய இடத்தில் 'எங்களை முத்திரையிடும்' என்று வாய் மாறிய கணத்தில், யாரோ வழிவிட, என் நெற்றி சுவரில் பட்டது. வெயில் போன பின்னும் கல் வெதுவெதுப்பாக இருந்தது. அப்பாவின் தாலித்தைத் தலைமேல் இழுத்துக்கொண்டு, 'பாவம் செய்தோம்' என்று மார்பில் தட்டியபோது, அந்தப் பன்மையில் அவரும் இருந்தார். எனக்காக ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. 'கர்த்தரே தெய்வம்' என்று ஏழு முறை சொல்வதற்குள் குரல் உடைந்துவிட்டது. ஆட்டுக்கொம்பு ஊதுகுழலான ஷோஃபாரின் நெடிய ஓசை எழுந்தது. என்னை நிற்க வைத்தவனுக்கு ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்பதைத் தவிர வேறு சொல் வரவில்லை.

அறைக்குத் திரும்பி, தண்ணீர் குடிக்கும் முன்பே அம்மாவை அழைத்தேன்.

"ஊதினார்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஊதினார்கள் அம்மா. கடைசிவரை நின்றேன்."