பட்டியலில் இல்லாத நாடு

தூதரைத் திருப்பி அழைப்பதுதான் ஒரு நாடு காட்டும் உச்சபட்சக் கோபம் என்று பலரும் நினைக்கிறார்கள். 2021-ல் சீனா லிதுவேனியாவிடம் நடந்துகொண்டதைப் பார்த்தால், தூதர் விவகாரம் வெறும் சத்தம்தான். அடி விழுந்தது துறைமுகத்தில்.

சண்டையைக் கிளப்பியது ஒரு பெயர்ப்பலகை. ஐரோப்பாவில் தைவானின் அலுவலகங்கள் வழக்கமாக 'தைபே' என்று ஊர்ப்பெயரில்தான் இயங்கும். லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் நவம்பர் 18 அன்று திறந்த அலுவலகமோ 'தைவான்' என்று நாட்டுப்பெயரையே போட்டுக்கொண்டது. தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் சீனாவுக்கு அது பொறுக்கவில்லை. இந்தத் திட்டம் தெரிந்ததுமே, ஆகஸ்டில் பெய்ஜிங் தன் தூதரை அழைத்துக்கொண்டு, லிதுவேனியாவின் தூதரையும் அழைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தது. நவம்பர் 21-ல் உறவையே பொறுப்புத் தூதர் நிலைக்கு இறக்கியது.

1961 வியன்னா ஒப்பந்தத்தின் 14-ஆம் பிரிவுப்படி, தூதர் நியமிக்கப்படுவது நாட்டுத் தலைவரிடம். பொறுப்புத் தூதர் வெளியுறவு அமைச்சரிடம். தகுதி குறையும், அவ்வளவுதான், உறவு அறுந்துபோவதில்லை. தைவானுக்கு நீர்மூழ்கிக் கப்பல் விற்றதற்காக 1981-ல் நெதர்லாந்தையும் இப்படித்தான் இறக்கினார்கள். 1984-ல் மீண்டும் தூதர்கள் வந்தார்கள். லிதுவேனியாவுக்கு வந்த சிக்கல் அடையாள அட்டையில். தூதரக ஊழியர்களின் அட்டைகளைப் புதிய தகுதிக்கேற்ப மாற்ற ஒப்படைக்கச் சொன்னார்கள். அட்டை கையில் இல்லையென்றால் சட்டப் பாதுகாப்பு கேள்விக்குறி. டிசம்பர் நடுவில் ஊழியர்கள் பெய்ஜிங்கைவிட்டே கிளம்பிவிட்டார்கள்.

சீனத் துறைமுகத்தில் நடந்ததுதான் நுணுக்கமான வேலை. சரக்கை இறக்க, சுங்கக் கணினியில் எந்த நாட்டில் செய்தது என்று பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் அந்தப் பட்டியலில் லிதுவேனியாவைக் காணவில்லை. படிவம் நிரம்பாது, கன்டெய்னர் நகராது. தடை என்று ஆணை எதுவும் கிடையாது. எதை எதிர்த்து மேல்முறையீடு செய்வது?

இதைக்கூடத் தாங்கியிருக்கலாம். லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்கு நேராகப் போனது சுமார் 1 சதவீதம்தான். ஆனால் லிதுவேனிய உதிரிபாகம் வாங்கும் பெரிய ஐரோப்பிய நிறுவனங்களிடமும், அதை விட்டுவிடும்படி நெருக்குதல் போனதாகச் செய்திகள் வந்தன. சீனா மறுத்தது. கொள்முதல்காரரே கையை விரித்தால், சின்ன நாட்டின் தொழிற்சாலை என்ன செய்யும்? வழியில் சிக்கிய 20,400 ரம் பாட்டில்களைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. நல்ல விளம்பரம், பெரிய வியாபாரமல்ல. அலுவலகம் திறந்தது தப்பில்லை, பெயர்தான் தப்பு என்று லிதுவேனிய ஜனாதிபதி நௌசேடாவே 2022 ஜனவரியில் சொல்லிவிட்டார்.

அதே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. காகிதத்தில் இல்லாத தடையை நிரூபிக்க, பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் சாட்சி சொல்ல வேண்டும். சீனச் சந்தையை நம்பியிருப்பவர்கள் லேசில் வாய் திறப்பார்களா? 2024 ஜனவரியில் ஒன்றியமே விசாரணையை நிறுத்திவைக்கக் கேட்டது. 12 மாதத்துக்குள் மறுபடி தொடங்காவிட்டால் நடுவர் குழுவின் அதிகாரம் போய்விடும் என்பது விதி. யாரும் தொடங்கவில்லை, 2025 ஜனவரியில் வழக்கு காலாவதியானது.