எங்கள் மன்றத்தின் விதிகளைத் திருத்திய கதை

எங்கள் ஊர் இளைஞர் மன்றத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் உறுப்பினர் ஒருவர் எழுந்து, படிப்பக நேரத்தை யாரைக் கேட்டு மாற்றினீர்கள் என்று கேட்டார். செயலாளர் என்ற முறையில் நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். தீர்மானப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்த முடிவை எடுத்த செயற்குழுவில் ஏழு பேர் கையெழுத்திட்டிருந்தோம், ஏழு பேரில் இளையவருக்கு வயது 41. படிப்பகத்தை நாள்தோறும் பயன்படுத்தும் மாணவர்களில் ஒருவரைக்கூட நாங்கள் கேட்டிருக்கவில்லை. அன்று தொடங்கி, விதிகளைத் திருத்திப் பதிவு செய்து முடிக்கும் வரை பதினான்கு மாதங்கள் ஆயின. இதே முயற்சியில் இறங்க நினைக்கும் மன்றங்களுக்குப் பயன்படட்டும் என்று இதை எழுதுகிறேன்.

மன்றத்தைத் தொடங்கியபோது எங்களில் பெரும்பாலோருக்கு இருபதிலிருந்து இருபத்து நான்கு வயது. இளைஞர்களை நாங்கள் வெளியேற்றவில்லை. நாங்கள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டோம், அவ்வளவுதான். எங்கள் மன்றம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ்ப் பதிவானது. செயற்குழுவின் பதவிக்காலம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது என்று அச்சட்டம் சொல்கிறது. ஆனால் அதே ஆட்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுவதை அது தடுக்கவில்லை. போட்டியிட ஐந்தாண்டு உறுப்பினராக இருந்திருக்க வேண்டும் என்ற எங்கள் விதியும் அதனுடன் சேர்ந்துகொண்டதால், பதினெட்டு வயதில் சேரும் ஒருவர் இருபத்து மூன்று வயதுக்கு முன் பொறுப்புக்கு வரவே வழியில்லை. அதற்குள் அவர் படிப்புக்கோ வேலைக்கோ ஊரைவிட்டுப் போயிருப்பார்.

முதலில் நாங்கள் செய்தது தவறு. இரண்டு மாணவர்களைச் சிறப்பு அழைப்பாளர்களாகச் செயற்குழுவில் உட்கார வைத்தோம். மூன்று கூட்டங்களுக்கு வந்தார்கள். தேநீர் எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு சொல்லும் பேசாமல் போனார்கள். நான்காம் கூட்டத்துக்கு வரவில்லை. சிறுவர் பங்கேற்பைப் பற்றி ரோஜர் ஹார்ட் 1992-இல் யுனிசெப்புக்காக எழுதியபோது, எட்டுப் படிகள் கொண்ட ஓர் ஏணியை வகுத்தார். அதன் கீழ் மூன்று படிகளில் இருப்பது பங்கேற்பே அல்ல என்பது அவர் கருத்து. அலங்காரத்துக்காக நிறுத்துவதும், பெயரளவுக்குச் சேர்த்துக்கொள்வதும் அந்த மூன்றில் அடங்கும். பொங்கல் விழா மேடையில் விருந்தினருக்குப் போர்த்தும் சால்வைகளைத் தட்டில் ஏந்தி நிற்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள்தான் எனக்கு அதைப் படித்தபோது நினைவுக்கு வந்தார்கள்.

அதன்பின் விதி எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டுக் கேட்கத் தொடங்கினோம். இரவு எட்டரை மணிக்கு நடந்துவந்த கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு மாற்றியவுடன் பெண் பிள்ளைகள் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கு முன் அவர்கள் வராததை ஆர்வமின்மை என்று நாங்கள் எண்ணியிருந்தோம் என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். வந்த பிறகும் நன்றாகப் பேசத் தெரிந்த இரண்டு மூன்று பையன்களின் குரலே கேட்டது. ஆகவே ஆளுக்கொரு துண்டுச் சீட்டுக் கொடுத்து, பெயர் எழுதாமல் எழுதித் தரச் சொன்னோம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்காகப் படிப்பகம் காலை ஐந்து மணிக்குத் திறக்க வேண்டும். கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டும். விழாவில் சால்வைக்கும் ஒலிபெருக்கிக்கும் ஆகும் செலவைக் குறைத்து மேசை நாற்காலி வாங்க வேண்டும் என்பவை பல சீட்டுகளில் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு சீட்டில் மட்டும், 'நாங்கள் சொல்வதை எழுதிக்கொள்கிறீர்கள், பிறகு என்ன ஆனது என்று சொல்வதில்லை' என்று இருந்தது. எங்கள் திருத்தத்தின் மிக முக்கியமான விதி அந்தச் சீட்டிலிருந்துதான் பிறந்தது.

செயற்குழுவின் ஏழு இடங்களை ஒன்பதாக்கி, அவற்றில் மூன்றைப் பதினெட்டு முதல் இருபத்தைந்து வயதினருக்கு ஒதுக்கினோம். அந்த மூன்றுக்கு ஐந்தாண்டு நிபந்தனை கிடையாது. பதினெட்டு நிறையாதவர்கள் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன்படி ஒப்பந்தம் செய்துகொள்ளத் தகுதியற்றவர்கள் என்பதால், கணக்குக்கும் வாடகை ஒப்பந்தத்துக்கும் பொறுப்பேற்கும் செயற்குழுவில் அவர்களை அமர்த்துவது முறையாகாது. ஆனால் ஐக்கிய நாடுகளின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, தங்களைப் பாதிக்கும் எல்லாவற்றிலும் கருத்துச் சொல்லும் உரிமையைக் குழந்தைகளுக்கு அளித்து, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்புத் தர வேண்டும் என்கிறது. இந்தியா 1992-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. ஆகையால் பதின்மூன்று வயதிலிருந்து சேரக்கூடிய இளையோர் அவை ஒன்றை விதிக்குள்ளேயே அமைத்தோம். ஆண்டு வரவில் 15 சதவீதத்தை எதற்குச் செலவிடுவது என்பதை அவையே முடிவு செய்யும். காசோலையில் செயலாளரும் பொருளாளரும் கையெழுத்திடுவார்கள். அவை அனுப்பும் எந்தக் கோரிக்கையையும் செயற்குழு மறுத்தால், முப்பது நாட்களுக்குள் காரணத்தைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதி, அவையின் அடுத்த கூட்டத்தில் படித்துக் காட்ட வேண்டும்.

விதித் திருத்தத்துக்குச் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இருபத்தொரு நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கூட்டிய பொதுக்குழுவில் முக்கால் பங்குப் பெரும்பான்மை கிடைத்தாக வேண்டும். முதல் முறை 58 பேர் வாக்களித்தார்கள். 44 வாக்குகள் தேவைப்பட்ட இடத்தில் 41 தான் விழுந்தன.

மூத்தவர்கள்தான் எதிர்த்திருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தோம். அப்படியில்லை. இருபது ஆண்டுகளாகப் பைசா பிசகாமல் கணக்கு வைத்திருந்த எங்கள் பொருளாளர், ரசீதுக் கோப்பை இளையோர் அவையும் தனியே பராமரிக்கும் என்றவுடன் ஆதரவாகவே வாக்களித்தார். எதிர்த்தவர்களில் பலர் முப்பது வயதைக் கடந்தவர்கள். பத்தாண்டுகளாகப் பந்தல் கட்டி, நன்கொடைக்கு அலைந்து, தங்கள் முறை வரும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். தங்களைத் தாண்டிப் பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இடம் போவதை அவர்களால் ஏற்க முடியவில்லை. வீடு வீடாகப் போய்ப் பேசியபோது அவர்கள் மனத்தாங்கலில் நியாயம் இருப்பதை உணர்ந்தேன். இளையவர்களுக்கு மூன்று இடம் ஒதுக்கிவிட்டு, மற்ற ஆறில் நாங்களே தொடர்ந்து உட்கார்ந்திருக்கத் திட்டமிட்டிருந்தோம். இடம் கொடுப்பதாகச் சொன்ன நாங்கள் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை.

ஆகவே, தொடர்ந்து இரண்டு பதவிக்காலத்துக்கு மேல் யாரும் செயற்குழுவில் இருக்கக்கூடாது என்ற விதியைச் சேர்த்தோம். அதன்படி நான் உட்பட ஐந்து பேர் அடுத்த தேர்தலில் விலக வேண்டியிருந்தது. அந்த விதியை நானே முன்மொழிந்தேன். மனத்துக்குக் கடினமாகத்தான் இருந்தது. நான்கு மாதம் கழித்து மீண்டும் முறைப்படி அறிவிப்புக் கொடுத்துப் பொதுக்குழுவைக் கூட்டினோம். வாக்களித்த 64 பேரில் 51 பேர் ஆதரித்தார்கள். 48 போதுமானதாக இருந்தது.

பதிவு வேலை அதைவிட எளிது. பழைய விதியையும் திருத்திய விதியையும் அடுத்தடுத்த பத்திகளில் எழுதி, தீர்மான நகலையும் அறிவிப்பு நகலையும் இணைத்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்தோம். ஒரு பக்கத்தில் எங்கள் கையெழுத்து விடுபட்டிருந்ததால் ஒருமுறை திரும்பப் போக நேர்ந்தது. திருத்தம் பதிவாகும் முன் புதிய விதிப்படித் தேர்தல் நடத்திவிடாதீர்கள். பின்னால் யாராவது கேள்வி எழுப்பினால் அந்தத் தேர்தல் நிற்காது.

இப்போது படிப்பகம் காலை ஐந்து மணிக்குத் திறக்கிறது. சாவியைப் பதினெட்டு வயது கடந்தவர்கள் முறைவைத்து வாங்கிப் பேரேட்டில் கையெழுத்திடுகிறார்கள். சால்வைகள் முற்றிலும் போகவில்லை. நன்கொடையாளர் சிலருக்காக மூன்று மட்டும் தொடர்கிறது. இளையோர் அவை முதல் ஆண்டில் வாங்கிய பழைய கணினி இரண்டு மாதத்தில் பழுதாகிவிட்டது. அப்போது அந்த 15 சதவீதத்தை நிறுத்த வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. நாங்கள் ஒருமுறை மூங்கில் பந்தலுக்கு முன்பணம் கொடுத்து ஏமாந்ததற்காக யாரும் எங்கள் அதிகாரத்தைப் பறிக்கவில்லை என்பதைப் பொருளாளரே எடுத்துச் சொன்னார்.

கவலை தரும் விஷயம் ஒன்று மிச்சமிருக்கிறது. தொடக்கத்தில் அவையின் ஒன்பது உறுப்பினர்களில் நான்கு பேர் பெண்கள். ஒருவர் திருமணமாகியும் இன்னொருவர் வேலை கிடைத்தும் போய்விட, இப்போது இருவர்தான். காலியாகும் இடத்தை ஆண்டுத் தேர்தல் வரை காத்திராமல் அவையே நிரப்பிக்கொள்ள விதி வேண்டும் என்று அவர்கள் இருவரும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கான பொதுக்குழு அறிவிப்பை இப்போதைய செயலாளர், அன்று எழுந்து கேள்வி கேட்ட அதே உறுப்பினர், சென்ற வாரம் அனுப்பியிருக்கிறார்.