பாட்டு முடிந்த பிறகு பேச வருகிறவர்

மூன்று பாட்டை நிறுத்தாமல் போட்டுவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு தொகுப்பாளர் பேச வருவாரே, அந்த இரண்டு நிமிடத்துக்காகத்தான் நான் லாப நோக்கில்லாத சமுதாய வானொலியில் சோல், ப்ளூஸ், ஃபங்க் என்ற கறுப்பின அமெரிக்கர்களின் இசை நிகழ்ச்சிகள் கேட்கிறேன். பாடியது யார் என்று போனே காட்டிவிடும். பேஸ் கிட்டார் யார், டிரம்ஸ் யார், எந்த ஊர் ஸ்டூடியோ, இசைத்தட்டின் மறுபக்கத்தில் என்ன இருந்தது, இதையெல்லாம் இவர்தான் சொல்வார். பெரும்பாலும் சம்பளம் கிடையாது, சொந்த இசைத்தட்டுகளை வீட்டிலிருந்து பையில் தூக்கிக்கொண்டு வருகிற ஆள்.

வாசித்தவர்களின் பெயரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஆனால் இந்த இசையில் பெயர் விட்டுப்போனவர்கள் ஏராளம். அறுபதுகளில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனம் அள்ளிக் குவித்த ஹிட்டுகளில் பலவற்றுக்கு பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். அவர் பெயரும் கூட வாசித்த ஃபங்க் பிரதர்ஸ் என்ற ஸ்டூடியோ குழுவினரின் பெயர்களும் அட்டையில் ஒழுங்காக அச்சானது 1971-இல், பாடகர் மார்வின் கேயின் ஆல்பத்தில்தான். டிரம்ஸ் வாசித்த கிளைட் ஸ்டபுள்ஃபீல்டின் கதை இன்னும் மோசம். ஃபங்க் பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக 1969-இல் அவர் வாசித்த, அரை நிமிடம்கூட வராத ஒரு டிரம்ஸ் துண்டை ஹிப்ஹாப்காரர்கள் வெட்டி ஒட்டாத பாட்டு இல்லை என்கிற அளவுக்குப் பயன்படுத்தினார்கள், பாட்டை எழுதியவர் பட்டியலில் அவர் பெயர் இல்லாததால் ராயல்டி மட்டும் அவர் பக்கம் வரவே இல்லை.

ப்ளூஸுக்கும் வானொலிக்கும் பழைய உறவு. ஆர்கன்சா மாநிலத்தின் ஹெலினா ஊரில் 1941-இல் ஒரு மாவுக் கம்பெனியின் விளம்பரத்துக்காகத் தொடங்கிய மதிய நிகழ்ச்சியில் சன்னி பாய் வில்லியம்சன் நேரலையில் ஹார்மோனிகா வாசித்தார். ப்ளூஸ் பாடகர் பி.பி.கிங் மெம்ஃபிஸ் நகரில் வானொலித் தொகுப்பாளராக இருந்தவர், அந்த 'பி.பி.' அங்கே ஒட்டிக்கொண்ட பட்டப்பெயரின் சுருக்கம். இவையெல்லாம் வணிக நிலையங்கள், சரி. சமுதாய வானொலி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது நியூ ஆர்லியன்ஸின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். 1980-இல் ஒலிபரப்பைத் தொடங்கிய அந்த நிலையம் ஆரம்ப நாட்களில் டிப்பிட்டினாஸ் என்ற இசை அரங்கின் மாடியில் இருந்தது. தரையில் இருந்த ஓட்டை வழியாக மைக்கைக் கீழே தொங்கவிட்டுக் கச்சேரியை அப்படியே ஒலிபரப்புவார்களாம். இதைவிட எளிமையான நேரலை இருக்குமா தெரியவில்லை.

குறையும் உண்டு. பாட்டின் முகப்பு இசை மேலேயே பேசுகிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது. நிலையத்தை நடத்த நேயர்களிடம் பணம் கேட்கிற நன்கொடை வாரம் வந்தால் பாட்டைவிட வேண்டுகோள்தான் அதிகம். அப்புறம் இன்னொன்று: சிங்கிள் எனப்படும், பக்கத்துக்கு ஒரு பாட்டு மட்டும் கொள்ளும் பழைய ஃபங்க் இசைத்தட்டுகளில் பாட்டை இரண்டாக வெட்டி முதல் பாகம் ஒரு பக்கம், இரண்டாம் பாகம் மறுபக்கம் என்று வைத்திருப்பார்கள். முதல் பாகத்தை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுகிற தொகுப்பாளரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும், பாட்டு சூடு பிடிப்பதே பல நேரம் இரண்டாம் பாகத்தில்தான்.

ஒரு ராத்திரி, யாருக்கும் தெரியாத ஒரு சோல் சிங்கிளைப் போட்டுவிட்டு, "டிரம்ஸ் யாரென்று எனக்குத் தெரியவில்லை, தெரிந்தவர்கள் கூப்பிடுங்கள்" என்றார் தொகுப்பாளர். அரை மணி நேரம் கழித்து ஒரு பெரியவர் போனில் வந்து பெயரைச் சொன்னார். அதே பாட்டைத் திரும்பப் போட்டார்கள். இந்த முறை நான் டிரம்ஸை மட்டும் கேட்டேன்.